காத்தலும் மறைத்தலும்

பௌர்ணமி வழிபாடு நிறைவுற்று, பாய்களைச் சுருட்டி, விளக்கை அமர்த்தும் வேளையில் ஒருவர் மட்டும் வீடு திரும்பாமல் நிற்பார். செருப்பை மாட்டுவார், மீண்டும் கழற்றுவார். மற்றவர்கள் போய்விட்டனரா என்று பார்ப்பார். பின்பு அருகே வந்து, "ஐயா, தங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். அது தங்களோடு இருக்கவேண்டும். வெளியே ஒரு சொல்லும் போகாது என்று முதலில் எனக்கு வாக்குக் கொடுங்கள்" என்பார். தன்மப் பணியில் சில ஆண்டுகள் கழித்தவர் எவரும் இக்காட்சியை அறிவர்.

அவ்வேளையில் போதகன் கூறவேண்டிய விடை யாது? "கொடுத்தேன்" என்று சொல்வது எளிது. அது அன்பின் சொல்லாகவும் தோன்றும். கேட்பவருடைய முகத்திலே உள்ள துன்பத்தைக் கண்டவன் வேறொன்றைச் சொல்ல நா எழாது. ஆயினும் அந்த எளிய சொல்லைச் சொல்லுவதற்கு நமக்கு உரிமை உண்டா என்பதே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். நாட்டின் சட்டம் இதைப்பற்றி ஒன்று கூறுகிறது. பகவான் வகுத்த விநயம் ஒன்று கூறுகிறது. நம்முடைய மனசாட்சி ஒன்று கூறுகிறது. இம்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறருக்கு வழி சொல்ல வருபவன் தான் வழுக்கிய இடத்தைக் காட்டுவதே முறை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் வேலை செய்து வந்தேன். அந்நாளில் போதகன் அல்லேன். மாலை வேளையில் நாலைந்து பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு தன்ம நூல்களைப் படிப்பவன், அவ்வளவே. எங்கள் பிரிவினர், தம்முள் எவரேனும் இறந்தால் அடக்கச் செலவுக்கு ஆகும் என்று, சம்பள நாள்தோறும் ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டு ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தனர். ஒருநாள் பெட்டியின் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. யார்மேல் ஐயம் எழும்? நிரந்தரமாக வேலை பார்க்கும் எவர்மேலும் எழவில்லை. மில்லில் 'பத்லி' என்பார்களே, ஆள் குறைந்த நாளில் வாயிலில் நின்று பெயர் அழைக்கப்பட்டால் உள்ளே வரும் பதிலித் தொழிலாளி, அப்படிப்பட்ட ஓர் இளைஞன்மேல் எழுந்தது. அவன் மறுத்தான், அழுதான். மறுநாள் முதல் வாயிலில் அவன் பெயர் அழைக்கப்படவில்லை.

பத்து நாள் சென்றிருக்கும். என்னிலும் மூத்த தோழர் ஒருவர் இரவு என் அறைக்கு வந்தார். "தம்பி, பகவான் படத்தின்மேல் கை வைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்" என்றார். என்னவென்று கேளாமலே செய்தேன். அதன் பின்பு அவர் சொன்னார், பெட்டியை உடைத்தவர் தாமே என்று. மனைவிக்கு அறுவைச் சிகிச்சை, வட்டிக்காரனின் நெருக்கடி, வேறு வழி தோன்றவில்லை. அவர் அழுதார், நானும் அழுதேன். அவர் மனப் பாரம் இறங்கிப் போனார். அந்தப் பாரம் என்மேல் ஏறியது.

நான் வாய் திறக்கவில்லை. அதனை ஒரு நோன்பாகவே கருதினேன் என்பதைச் சொல்ல இன்று வெட்கப்படுகிறேன். ஒருநாள் அந்த இளைஞனின் தாய் என்னைத் தேடி வந்தாள். "புத்தகம் படிக்கிறவங்க நீங்க. என் மகன் திருடுவானா? நீங்களே சொல்லுங்க தம்பி" என்றாள். அவளுக்கு நான் பொறுமையைப் பற்றி உபதேசம் செய்தேன். அவள் அதைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஓராண்டிற்குப் பின் தோழர் பணத்தைத் திருப்பி வைத்தார், உண்மையும் வெளிப்பட்டது. அதற்குள் தாயும் மகனும் ஊரை விட்டுப் போய்விட்டனர். எங்கே என்று சொல்லுவார் இல்லை. தோழரும் இன்று உயிரோடு இல்லை. இறப்பதற்குமுன் அவர், "என் பெயரை விட்டுவிட்டு இந்தக் கதையை நாலு பேருக்குச் சொல். உனக்கு நேர்ந்தது இன்னொருவனுக்கு நேரவேண்டாம்" என்றார். அந்த இசைவின்பேரிலேயே இதனை எழுதுகிறேன்.

நான் காத்தது தோழரின் மானத்தை என்று நினைத்திருந்தேன். உண்மையில் மறைத்தது ஓர் ஏழைப் பிள்ளையின் நிரபராதத்தை. காத்தல் வேறு, மறைத்தல் வேறு என்னும் பாடத்தை அந்தத் தாயின் கும்பிட்ட கைகளே எனக்குக் கற்பித்தன.

பிற சமயத்தார் முறை

இந்த வினாவை உலகில் மிக நெடுங்காலமாகச் சுமந்து வருவோர் கத்தோலிக்கக் கிறித்துவர். 1215ஆம் ஆண்டு உரோமை நகரில் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், நம்பிக்கையாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் பாவ அறிக்கை செய்யவேண்டும் என்றும், கேட்டதை வெளியிடும் குரு பதவி நீக்கப்பெற்று மடத்தில் அடைபட்டு வாழ்நாள் முழுவதும் தவம் புரியவேண்டும் என்றும் விதித்தது. குரு கேட்பது கடவுளின் இடத்தில் இருந்து என்பது அவர்களுடைய கொள்கை. ஆதலின் அவர் கேட்டதை மனிதர் எவரும் அவரிடம் கேட்டுப் பெற முடியாது என்பது அதன் முடிவு.

இக்கொள்கை நீதிமன்றத்தில் நின்ற ஒரு வழக்கு உண்டு. 1813ஆம் ஆண்டு, நியூயார்க் நகரம். களவு போன பொருள்கள் ஆண்டனி கோல்மன் என்னும் சேசு சபைக் குருவின் வாயிலாக உரியவரிடம் திரும்பி வந்தன. "யார் கொடுத்தது?" என்று நீதிமன்றம் கேட்டது. அறிக்கைத் தொட்டியில் அறிந்ததைச் சொல்ல இயலாது என்று குரு மறுத்தார். அந்நகரத்தின் மேயராகவும் நீதிமன்றத் தலைவராகவும் இருந்த டி விட் கிளின்டன், குருவைக் கட்டாயப்படுத்தலாகாது என்று தீர்ப்புரைத்தார். 1828ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் அதனைச் சட்டமாகவே இயற்றியது.

இவ்வழக்கை எடுத்துக்காட்டுவோர், குரு பெயரைச் சொல்லவில்லை என்பதை மட்டுமே சொல்லுவர். நான் வேறொன்றைக் காண்கிறேன். பெயர் வெளிவரவில்லை, ஆனால் பொருள் உரியவர் கைக்கு வந்துவிட்டது. குருவின் மௌனம் சும்மா இருந்த மௌனம் அன்று. அஃது உள்ளே இருந்து வேலை செய்தது. என் மௌனமோ ஓராண்டுக் காலம் கை கட்டி நின்றது. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

எனினும் அந்தப் பழைய மதிலிலும் இன்று வாயில் திறக்கப்பட்டுள்ளது. ஆஸ்திரேலிய நாட்டில், நிறுவனங்களுக்குள் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகளை ஆராய 2013இல் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அது 2017 டிசம்பரில் இறுதி அறிக்கை அளித்தது. குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை அறிந்தும் சொல்லாமை குற்றம் என்னும் சட்டத்திலிருந்து பாவ அறிக்கைக்கு விலக்கு அளிக்கலாகாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. விக்டோரியா மாநிலம் 2019இல் அவ்வாறே சட்டம் இயற்றியது. குழந்தையின் கண்ணீருக்கு முன் எந்த முத்திரையும் நிலைக்கலாமா என்பதே அங்கு எழுந்த கேள்வி.

நம் நாட்டுச் சட்டம்

இனி நம் நாட்டிற்கு வருவோம். போதகரிடம் சொன்னது நீதிமன்றத்திற்குப் போகாது என்று நம்மவரிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். சினிமாவில் கண்டதை வைத்து எண்ணுகின்றனர் போலும். அது பிழை.

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வகுத்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம், இரகசியம் காக்கும் உரிமையைச் சில உறவுகளுக்கு அளித்தது. கணவன் மனைவிக்குள் நிகழும் பேச்சு, கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொல்லும் செய்தி, அரசாங்கத்தின் சில அலுவல்கள் ஆகியவை அவை. குரு, பிக்கு, பாதிரியார், மௌல்வி, போதகர் என்னும் சொற்கள் அந்த வரிசையில் இல்லை. மருத்துவருக்குங்கூட அந்த வரிசையில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சிய சட்டம், 2023 நடைமுறைக்கு வந்துள்ளது. அதிலும் 128ஆம் பிரிவு கணவன் மனைவியைப் பற்றியது. 132ஆம் பிரிவு வழக்கறிஞரைப் பற்றியது. போதகருக்கு ஒரு பிரிவும் இல்லை.

இன்னும் கூர்மையான ஒன்று உண்டு. குற்ற ஒப்புதல் வேறு வகையில் ஏற்கத்தக்கதாயின், 'இரகசியமாக வைத்திருப்பேன்' என்ற வாக்குறுதியின்பேரில் சொல்லப்பட்டது என்ற ஒரே காரணத்தால் அது தள்ளத்தக்கதாகிவிடாது என்று பழைய சட்டத்தின் 29ஆம் பிரிவு கூறியது. புதிய சட்டத்தில் அது 22ஆம் பிரிவினுள் அடங்கியுள்ளது. அதாவது, நாம் கொடுக்கும் வாக்கை நீதிமன்றம் ஒரு பூட்டாகக் கருதுவதில்லை. நம்மிடம் ஒருவர் சொல்லிய ஒப்புதல், நீதிமன்றத்திற்கு வெளியே செய்த ஒப்புதல் என்று பெயர் பெறும். அதனை வலுவற்ற சாட்சியமாகவே நீதிபதிகள் எடைபோட்டு, வேறு ஆதாரம் தேடுவர். எனினும் நம்மைக் கூண்டில் ஏற்றிக் கேட்க முடியும். விடையளிக்கக் கடமைப்பட்டவன் மறுத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பொய் சொன்னால் அதனினும் பெருந்தண்டனை உண்டு.

கேட்கும்போது சொல்வது ஒருபுறம். கேளாமலே சென்று சொல்லவேண்டியவையும் உள. கொலை, கொள்ளை போன்ற சில கொடுங்குற்றங்கள் நடந்ததையோ நடக்கப்போவதையோ அறிந்தவர், தக்க காரணம் இல்லாவிடில், உடனே நீதித்துறை நடுவருக்கோ காவல்துறைக்கோ தெரிவிக்கவேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையில் அது 33ஆம் பிரிவு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டமான போக்சோ இன்னும் கண்டிப்பானது. அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவர் எவரும், காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. தெரிவியாதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு என்கிறது 21ஆம் பிரிவு. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தம் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் தண்டனை ஓராண்டு வரை நீளும். 'எவரும்' என்ற அச்சொல்லில் போதகரும் அடங்குவர். சங்கச் செயலாளரும் அடங்குவர். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மேல் வழக்குத் தொடர இடமில்லை என்றும் அச்சட்டம் காவல் அளிக்கிறது.

அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருப்பதைக் கவனியுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி முதலிய அடையாளம் எதுவும் செய்தியில் வெளியாகக்கூடாது என்று அது தடுக்கிறது. குற்றத்தைச் சொல் என்று கட்டளையிடும் அதே கை, குழந்தையின் பெயரைச் சொல்லாதே என்று வாயைப் பொத்துகிறது. இவ்விரண்டும் முரண் அல்ல. குழந்தையைக் காக்கவேண்டும் என்ற ஒரே கருணை, ஓரிடத்தில் பேச்சாகவும் மற்றோரிடத்தில் மௌனமாகவும் நிற்கிறது.

விநயம் கூறுவது

இந்த அறிவு புதிதன்று. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பகவான் புத்தர் தம் சங்கத்திற்கு வகுத்த விநயத்தில் இது உள்ளது. பாதிமோக்கத்தில் பாச்சித்தியம் என்னும் பகுதியின் ஒன்பதாம் விதி, ஒரு பிக்கு செய்த கடுங்குற்றத்தைச் சங்கத்தின் இசைவின்றி, துறவு பூணாத ஒருவரிடம் மற்றொரு பிக்கு சொல்லலாகாது என்கிறது. அதே பகுதியின் அறுபத்து நான்காம் விதி, ஒரு பிக்குவின் கடுங்குற்றத்தை அறிந்தே மறைக்கும் பிக்குவும் குற்றவாளி என்கிறது. ஒன்று தெருவில் தூற்றாதே என்கிறது. மற்றொன்று உள்ளே புதைக்காதே என்கிறது. சொல்லத்தக்க இடத்தில் சொல். சொல்லத்தகாத இடத்தில் காத்துக்கொள் என்பதே இரண்டும் சேர்ந்த பொருள். தன் கடுங்குற்றத்தைத் தானே மறைத்த பிக்கு, எத்தனை நாள் மறைத்தானோ அத்தனை நாளும் பரிவாசம் என்னும் தண்டனை நோன்பு இருக்கவேண்டும் என்பதும் விநயமே. குற்றத்திற்கு ஒரு கணக்கு. மறைத்த நாளுக்குத் தனிக் கணக்கு!

நம் தன்மத்தில் பாவத்தை மன்னித்துத் துடைப்பவர் எவரும் இல்லை. ஒருவன் தன் குற்றத்தைப் பிறரிடம் சொல்வது வினையை அழிக்கும் மந்திரம் அன்று. அஜாதசத்துரு மன்னன் தன் தந்தை பிம்பிசாரனைக் கொன்ற குற்றத்தைப் பகவானிடம் ஒப்புக்கொண்ட வரலாறு தீக நிகாயத்தில் உள்ளது. பகவான் அவ்வொப்புதலை ஏற்றார்; குற்றத்தைக் குற்றமாகக் கண்டு, முறைப்படி திருத்தி, இனிச் செய்யாது அடங்குவதே வளர்ச்சி என்று தெளிவித்தார். ஆனால் தந்தையைக் கொன்ற வினை அழிந்தது என்று அவர் சொல்லவில்லை. மன்னன் சென்றபின், அவ்வினை அவனுக்கு எத்தகைய தடையாயிற்று என்பதைப் பிக்குகளிடம் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். ஒப்புதல் என்பது பாதையின் தொடக்கம்; தொடக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவோருக்கு அது பயன் தராது. போதகன் வெறும் கிணறு போல வாங்கி வைத்துக்கொண்டால், வந்தவர் தொடக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

அங்குலிமாலன் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். கொலைஞனாகத் திரிந்தவன் பகவானிடம் அடைக்கலம் புகுந்து பிக்குவானான். பசேநதி மன்னன் ஐந்நூறு குதிரை வீரருடன் அவனைப் பிடிக்கப் புறப்பட்டு, வழியில் பகவானைக் காண வந்தான். பகவான் நினைத்திருந்தால் வாளா இருந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மன்னனுடைய மனத்தை முதலில் பக்குவப்படுத்தி, பின்பு வலக்கையை நீட்டி, அருகில் அமர்ந்திருந்தவனையே சுட்டிக் காட்டினார். அடைக்கலம் கொடுத்தார், ஒளித்து வைக்கவில்லை. பின்னர் அங்குலிமாலன் பிச்சைக்குப் போனபோது கல்லடி பட்டுத் தலை உடைந்து வந்தான். அதனைப் பொறுத்துக்கொள்ளும்படி பகவான் பணித்தார். பெயர் பெற்ற கொள்ளையனையும் சிறையுடைத்து ஓடியவனையும் இனிச் சங்கத்தில் சேர்க்கலாகாது என்ற விதியும் அக்காலத்தில் எழுந்ததே. காவியாடை எவருக்கும் ஒளிவதற்கான போர்வை ஆகலாகாது.

நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. உதயகுமரன் வெட்டுண்டு இறந்தபின், சக்கரவாளக் கோட்டத்து மாதவர் வாய் மூடி இருந்துவிடவில்லை. அவர்களே அரசனிடம் சென்று, தக்க முறையில் அவன் மனத்தை ஆயத்தம் செய்து, மகன் இறந்ததையும் இறந்த காரணத்தையும் எடுத்துரைத்தனர். சொல்வதற்கு அஞ்சவில்லை, சொல்லும் முறையையும் மறக்கவில்லை.

அபயன் என்னும் அரசகுமாரன் பகவானிடம் கேள்வி கேட்க வந்தபோது அவன் மடியில் ஒரு குழந்தை இருந்தது. இக்குழந்தை குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று பகவான் கேட்டார். எளிதில் எடுக்க முடியாவிடில், இரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுப்பேன், குழந்தையிடம் எனக்கு இரக்கம் உண்டு என்றான் அவன். உண்மையும் நன்மையும் உடைய சொல், கேட்பவருக்கு இனிமையற்றதாயினும், காலம் அறிந்து சொல்லத்தக்கது என்பதை விளக்கவே பகவான் அதனைக் கேட்டார். நம்மிடம் வருபவர் தொண்டையிலும் ஒரு கல் சிக்கியிருக்கிறது. அதனைத் தடவிக் கொடுத்து அனுப்புவது இரக்கம் ஆகாது.

இரண்டு தடைகள்

இவ்விடத்தில் அன்பர் ஒருவர் கேட்கக்கூடும்: "இப்படிப் பேசினால் நம்மிடம் யார் மனம் திறப்பார்?" என்று. உண்மையான கேள்வி. நல்ல நண்பனின் இலக்கணம் கூறும் சிகாலோவாத சுத்தத்தில், நண்பனின் இரகசியத்தைக் காப்பதும் ஓர் இலக்கணமாகவே சொல்லப்பட்டுள்ளது. தீமையினின்று தடுப்பதும் அதே சுத்தத்தில் நல்ல நண்பனின் இலக்கணமே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்கலாகாது. நம்மிடம் வருபவருள் பெரும்பாலோர் சுமந்து வருவது சட்டத்திற்கு எட்டும் குற்றம் அன்று. கணவன் மனைவிப் பிணக்கு, குடிப்பழக்கம், கடன், நோய், பழைய மானக்கேடு ஆகியவையே. இவற்றைக் கேட்ட காதோடு புதைத்துவிடவேண்டும். என் மனைவிக்கும் நான் சொல்லலாகாது. சங்க நிர்வாகிக்கும் சொல்லலாகாது. 'ஓர் ஊரில் ஒருவர்' என்று தொடங்கி மேடையில் உதாரணமாகவும் சொல்லலாகாது. கேட்போர் ஊரையும் ஆளையும் உடனே கண்டுகொள்வர். எஞ்சிய சிலரோ, ஒரு தீமையைச் செய்துகொண்டே வருபவர்கள். அவருள் பலர் வருவதே யாரேனும் தம்மைத் தடுக்கமாட்டார்களா என்ற ஏக்கத்தினால். தடுக்கமாட்டேன் என்று முன்கூட்டியே சத்தியம் செய்வது அவர்களைக் கைவிடுவதாகும்.

இரண்டாம் தடை இதனினும் கடினமானது. "காவல் நிலையத்தில் நம்மவர் படும் பாட்டை அறியீரோ? ஏழையை அங்கே அனுப்புவது அடிக்கு அனுப்புவதன்றோ?" என்பது. அறிவேன். காவலரிடம் செய்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்று சட்டமே விதித்திருப்பது, அங்கே என்ன நிகழக்கூடும் என்பதைச் சட்டமும் அறியும் என்பதற்குச் சான்று. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு தரும் உரிமை. ஆகவே அவரைத் தனியே அனுப்பாதீர்கள். முதலில் வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம் காதுக்குச் சட்டம் பூட்டுத் தரவில்லை. வழக்கறிஞரின் காதுக்குத் தந்திருக்கிறது. நடந்து முடிந்த குற்றத்தை அவரிடம் அச்சமின்றிச் சொல்லலாம். இனிச் செய்யப்போகும் குற்றத்திற்குத் துணை தேடுவோருக்கு மட்டும் அங்கும் அந்தக் காப்பு இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். இதனை அறியாமல், 'யாரிடமும் சொல்லாதே, பகவானை நினை' என்று மட்டும் சொல்லி அனுப்பும் போதகன், வந்தவரை இருளில் அனுப்புகிறான்.

ஆனால் குழந்தைக்குத் தீங்கு என்றால் வழக்கறிஞரைத் தேடிக்கொண்டு நாள் கடத்தலாகாது. அங்கு முதற்கடமை அந்தக் குழந்தைக்கே உரியது. 1098 என்னும் எண் இரவும் பகலும் அதற்கென்றே உள்ளது. குற்றம் செய்தவர் நம் சங்கத்தின் மூத்த உறுப்பினராயினும், நம் உறவினராயினும், சங்கத்தின் பெயர் கெடுமே என்று ஒருகணம் தயங்கினாலும் அறம் தவறினோம். பெயர் போனால் மீண்டும் தேடிக்கொள்ளலாம். அந்தக் குழந்தையின் நாட்களை யார் திருப்பித் தருவார்?

உயிரை விடத் துணிந்து வருபவரும் உண்டு. "வீட்டில் சொல்லாதீர்கள்" என்பார். அவரைத் தனியே திரும்பவிடுவதும் மறைத்தலே ஆகும். அவருடைய கையைப் பற்றிக்கொண்டு, அவர் அறியவே, அவருக்கு வேண்டிய ஒருவரை அழைத்துக் கூட்டவேண்டும், மருத்துவரிடமும் சேர்க்கவேண்டும்.

நான் கைக்கொண்ட ஐந்து

அந்தத் தாய் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு, பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெளிவு வந்தது. மில் மூடியபின் தன்மப் பணியே தொழிலாயிற்று. அப்போது எனக்கென்று ஐந்து கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டேன். பிறருக்கும் பயன்படுமாயின் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: கேட்பதற்குமுன் சத்தியம் செய்யேன். "தங்கள் மானத்தைக் காப்பேன். ஆனால் இன்னொருவர் உயிருக்கோ, ஒரு குழந்தைக்கோ தீங்கு என்றால் மறைக்கமாட்டேன். இதனை அறிந்து சொல்லுங்கள்" என்று தொடக்கத்திலேயே கூறிவிடுவேன்.

இரண்டு: தேவைக்குமேல் ஒரு கேள்வியும் கேளேன். ஆவலினால் கேட்பது திருட்டுக்குச் சமம்.

மூன்று: பழைய மானக்கேட்டை எவரிடமும் எவ்வடிவிலும் வெளியிடேன். வெளியிடாததற்கு நீதிமன்றம் தண்டித்தால் அத்தண்டனையை ஏற்பேன். தப்புவதற்குப் பொய் சொல்லேன். மௌனம் நான்காம் சீலத்தை மீறுவதன்று; பொய் மீறும்.

நான்கு: சொல்லவேண்டியதாயின், முதலில் அவரிடமே சொல்லுவேன். அவர் முதுகுக்குப் பின்னே போகேன். "நீங்களே வாருங்கள், நான் உடன் வருகிறேன்" என்பேன். ஆனால் இதனால் குழந்தைக்கோ பிறருக்கோ ஆபத்து மிகும் என்றால் காத்திரேன்.

ஐந்து: எவரோ ஒருவர் செய்யாத குற்றத்தைச் சுமக்கின்றார் என்று அறிந்தால் வாளா இரேன். செய்தவர் பெயரை வைத்துக்கொண்டே, 'இவர் செய்யவில்லை, நான் அறிவேன்' என்றாவது ஊர் முன் சொல்லுவேன். அப்போது கோபம் என்மேல் திரும்பும், திரும்பட்டும். அன்று அந்தப் பதிலித் தொழிலாளிக்காக நான் சொல்லியிருக்கவேண்டிய சொல் இதுவே. தோழரின் பெயரும் கெட்டிருக்காது; பிள்ளையின் பிழைப்பும் போயிருக்காது. இவ்வளவு எளிய வழி எனக்குத் தோன்றாமற் போனதற்குக் காரணம், நான் பெருமையாக நினைத்துக்கொண்ட சத்தியமே.

அன்பர்களே! ஒருவரின் காயத்தைப் பிறர் பாராதபடி துணி கொண்டு மூடுவது காத்தல். காயப்படுத்தும் கத்தியைத் துணிக்குள் சுற்றி வைப்பது மறைத்தல். இரண்டிற்கும் துணி ஒன்றேயாகலாம். உள்ளே இருப்பது இன்னது என்று பார்த்த பின்பே போதகன் கை நீட்டவேண்டும்.

அந்தத் தாய் இன்று எங்கேனும் இருப்பாளாயின், அவள் மகனும் இதனை வாசிக்க நேருமாயின், நான் அன்று சொல்லாத சொல்லை இங்கே சொல்லுகிறேன்: அம்மா, உன் மகன் திருடவில்லை. அது எனக்கு அன்றே தெரியும்.

எல்லா உயிர்களும் நலமுறுக.